மூடும் அதிகாரம் யாரிடம்? எசன் நகர மருத்துவமனைகளும் பொதுப்பணமும்

2020-ஆம் ஆண்டு, கொரோனா பரவிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஜெர்மனியின் எசன் நகரில் இரண்டு மருத்துவமனைகள் மூடப்பட்டன: ஆல்டனெசனில் இருந்த மரியன்ஹோஸ்பிட்டல், ஷ்டோப்பன்பெர்க்கில் இருந்த சங்க்ட் வின்சென்ஸ். இரண்டையும் நடத்தியது கொண்டீலியா என்னும் கத்தோலிக்கக் குழுமம். வட எசனின் மருத்துவமனைகளை ஒருங்கிணைத்து ஆல்டனெசனில் புதிய மருத்துவமனை எழும்பும் என்று அதற்கு முன்பு சொல்லப்பட்டிருந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டது, பழைய இவ்விரண்டும் மிஞ்சவில்லை.

இதைத் ‘தனியார்மயம்’ என்று அழைப்பது எளிது, ஆனால் பொருந்தாது. கொண்டீலியா பங்குச்சந்தை நிறுவனமன்று. இலாபநோக்கற்ற திருச்சபை மரபிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட அமைப்பே வட்டார மக்களின் விருப்பத்துக்கு எதிராக மருத்துவமனையை மூட முடிகிறதென்றால், சிக்கல் உடைமையாளரின் பெயரில் மட்டும் இல்லை. பணம் தருபவர் ஒருவர், மூட முடிவெடுப்பவர் வேறொருவர் என்ற பிளவே அதன் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1972-ஆம் ஆண்டின் மருத்துவமனை நிதியளிப்புச் சட்டப்படி, கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மாநிலம் வரிப்பணத்திலிருந்து தரவேண்டும். அன்றாடச் செலவை மருத்துவக் காப்பீட்டு நிதியங்கள் ஏற்கவேண்டும். மாநிலங்கள் நெடுங்காலமாகத் தேவைக்குக் குறைவாகவே தந்துவந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், நோய்க்கு இவ்வளவு என்று தொகை வகுக்கும் முறையும் வந்தது. ஓட்டைக்கூரையைச் சீர்செய்யும் பணத்தைக்கூடச் சிகிச்சை வருவாயில் மிச்சம்பிடிக்க வேண்டிய நிலை. வருவாய் ஈட்டாத பிரிவு சுமையாகிறது. கணக்குப் பார்ப்பவர் கன்னியாஸ்திரீயானாலும் முதலீட்டாளரானாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றே.

எசனில் அந்தக் கணக்கு நிலவியலோடு சேர்ந்துகொள்கிறது. நகரை ஊடறுக்கும் ஏ-40 நெடுஞ்சாலைக்கு வடக்கே நிலக்கரித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. சோல்ஃபெரைன் சுரங்கம் 1986-இல் நின்றது, வேலை போனது, வறுமையும் நாட்பட்ட நோய்களும் தங்கின. தெற்கே வசதி மிகுதி. பல்கலைக்கழக மருத்துவமனையும் நெடுஞ்சாலைக்குத் தெற்கேதான். அதுவே ஒருகாலத்தில் நகராட்சியின் சொந்த மருத்துவமனை. 1963-இல் பல்கலைக்கழக மருத்துவமனையாகி, இன்று மாநிலத்தின் அமைப்பாக இயங்குகிறது. அது அரிய அறுவைகளுக்குப் பெயர் பெற்றது. நெஞ்சுவலியோடு நடக்கமுடியாத முதியவருக்கு அருகிலிருக்கும் படுக்கையின் இடத்தை அது நிரப்பாது. 2022-இல் ஆல்டனெசனில் திறக்கப்பட்ட நலவாழ்வு ஆலோசனை நிலையம் பயனுள்ளதுதான். ஆயினும் அங்கே படுக்கை இல்லை.

ஜெர்மனியில் மருத்துவமனைகள் மிகுதி, சிறியவற்றில் தரம் குறைவு, ஒன்றுசேர்ப்பதே நோயாளிக்கு நன்மை என்று எதிர்வாதம் எழும்பும். பக்கவாதச் சிகிச்சையிலும் புற்றுநோய் அறுவையிலும் அது உண்மையே. ஆனால் வட எசனுக்குச் சொல்லப்பட்டதும் ஒன்றுசேர்ப்புத்தானே! அது நிறைவேறாதபோது ‘தரம்’ என்ற சொல் மூடுதலுக்குக் காரணம் கற்பிக்கப் பயன்படுமேயன்றி, அதை நியாயப்படுத்தாது.

அரசு உடைமை மட்டும் போதுமா? 2004-இல் ஹம்பர்க் வாக்காளர்களில் நான்கில் மூவருக்கும் மேல் நகர மருத்துவமனைகளின் பெரும்பங்கை விற்கக்கூடாதென்று வாக்களித்தனர். அவ்வாக்கு கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் கருதியது. அப்பங்கை அஸ்க்லேப்பியோஸ் என்னும் தனியார் நிறுவனம் வாங்கியது. டெல்லியில் அரசு நிலமும் 26 விழுக்காடு பங்கும் தந்த இந்திரபிரஸ்தா அப்போலோவில் மூன்றிலொரு பங்குப் படுக்கைகள் ஏழைகளுக்கு இலவசமாக இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். அது நிறைவேறவில்லை என்று 2009-இல் உயர்நீதிமன்றமே சொல்லவேண்டியிருந்தது. பங்கு இருந்தும் அதிகாரம் கைக்கு வரவில்லை. மாறாக டிரெஸ்டன் மக்கள் 2012-இல் வாக்களித்துத் தம் நகராட்சி மருத்துவமனைகளைக் காத்துக்கொண்டனர். அங்கே வாக்கின் முடிவுக்கு மதிப்பிருந்தது.

எசனைச் சேர்ந்த குடிமக்கள் நகராட்சியே மருத்துவமனை நடத்தவேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். அது கனவுக் கோரிக்கையன்று. தகுந்த நடத்துநர் கிடைக்காவிடில் உள்ளாட்சிகள் மருத்துவமனை அமைத்து நடத்தக் கடமைப்பட்டவை என்று வடரைன் வெஸ்ட்ஃபாலியாவின் மருத்துவமனைச் சட்டமே கூறுகிறது. அக்கடமை காலம் கடந்தே நினைவுக்கு வருவதுதான் அதன் பலவீனம். மாநிலத் திட்டத்தில் இடம்பெற்று வரிப்பணம் வாங்கும் ஒவ்வொரு நடத்துநரும், விலக விரும்பினால் ஆண்டுகள் முன்பே அறிவிக்கவேண்டும். கட்டடத்தையும் உரிமத்தையும் முதலில் நகராட்சிக்கு அளிக்கவேண்டும். இதைச் சட்டத்தில் எழுதாதவரை, ஷ்டோப்பன்பெர்க்கின் வரிசெலுத்துபவர் தம் மருத்துவமனையை மூடும் முடிவைச் செய்தியாக மட்டுமே கேட்பார்.