பொதுநில மரங்களும் சட்டக் காவலும்: சிங்கப்பூர், மலேசியா குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

சிங்கப்பூரின் பசுமையைப் பற்றி எழுதுவோர் மரம் நடும் இயக்கத்தையே பெரிதும் எடுத்துரைப்பர். நட்டு வளர்ந்த மரத்தை வெட்டவிடாமல் காத்த விதிகளின் வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பொதுநிலத்தில் நிற்கும் மரத்தை யார், எச்சூழலில், எவருடைய ஒப்புதலோடு அகற்றலாம் என்னும் வினாவிற்குச் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. மரம் எதற்காகக் காக்கப்பட வேண்டும் என்ற கருத்து மாறியபோதெல்லாம் விதியும் மாறியது என்பதும், விதி இருந்தமையால் மட்டுமே மரம் காக்கப்பட்டுவிடவில்லை என்பதும் இவ்வாய்வால் புலப்படும்.

காட்டிலிருந்து சாலைக்கு

19ஆம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகச் சிங்கப்பூரின் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. காம்பியர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறு எடுக்க ஏராளமான விறகு தேவைப்பட்டது. மண் வளமிழந்ததும் தோட்டக்காரர் அடுத்த காட்டிற்கு நகர்ந்தனர். தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நதானியேல் கான்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகள் குறித்து 1883இல் அறிக்கை அளித்தார். அந்நாளில் தீவின் பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டு அளவே காடு எஞ்சியிருந்தது என்பர். அதன்பின் காட்டு ஒதுக்ககங்கள் உருவாயின. அக்காலத்தில் காவலுக்குரியதாகக் கருதப்பட்டது காடுதானே அன்றித் தனிமரமன்று.

தனிமரம் அரசின் கவனத்திற்கு வந்தது பின்னரேயாகும். 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டார். 1967இல் பூந்தோட்ட நகரம் என்னும் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1971இல் மரம் நடும் நாள் தொடங்கப்பெற்றது. தமிழர் தூங்குமூஞ்சி மரம் என வழங்கும் மழைமரமும், நம் வேங்கைக்கு இனமான அங்சானாவும் சாலையோரங்களில் நிழல் பரப்பின. நட்டவை வளர்ந்த பிறகே அவற்றைக் காக்கும் தேவை எழுந்தது. 1975இல் இயற்றப்பட்ட பூங்காக்கள், மரங்கள் சட்டம் மரங்களைப் பேணுவதையும் வளர்ப்பதையும் சட்ட வரம்பிற்குள் கொண்டுவந்தது.

சுற்றளவு என்னும் அளவுகோல்

1991இல் சிங்கப்பூரின் மையப் பகுதியிலும் சாங்கியிலுமாக இரண்டு மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் அறிவிக்கப்பட்டன. அவ்வட்டாரங்களில் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை ஒப்புதலின்றி வெட்டுதல் குற்றமாகும். அடிமரம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கப்படும்.

இவ்வளவுகோலின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. மரத்தின் வயதைப் பற்றி வழக்காடலாம்; அழகைப் பற்றியும் வழக்காடலாம்; அளவுநாடா காட்டும் எண்ணைப் பற்றி வழக்காட இயலாது. அதன் குறையும் அங்கேயே உள்ளது. பருத்த மரம் அரிய மரமாக இருக்க வேண்டியதில்லை. மெலிந்து நிற்கும் அரிய மரம் அளவுக்குள் அடங்காமல் போகலாம். சுற்றளவு வளர்ச்சியைக் காட்டும், சிறப்பைக் காட்டாது. இக்குறையை ஓரளவு நிறைவு செய்யும் வகையில் 2001இல் மரபுடைமை மரத் திட்டம் தொடங்கப்பெற்றது. அடிமரப் பருமனோடு இனத்தின் அருமை, வரலாற்று, சமூக, பண்பாட்டுச் சிறப்பு ஆகியனவும் அத்திட்டத்தில் கருதப்படுகின்றன. ஐந்து வெள்ளித் தாளில் இடம்பெற்ற தாவரவியல் பூங்காவின் தெம்புசு மரம் அவ்வாறு சிறப்பிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

சாங்கியில் வீழ்ந்த மரம்

சாங்கி என்னும் ஊர்ப்பெயருக்கு மரமொன்றின் பெயரே மூலம் என்பது பலர் கூறும் விளக்கம். அவ்வூரில் 2002ஆம் ஆண்டு நவம்பரில் செங்கால் பாசிர் எனப்படும் அரிய இனத்து மரம் ஒன்று ஒப்புதலின்றி வெட்டப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 150 ஆண்டுகள் எனவும் உயரம் 35 மீட்டர் எனவும் மதிப்பிடப்பட்டது. அது நின்ற இடம் 1991 முதலே பாதுகாப்பு வட்டாரம் என்பது இங்குக் கருதத்தக்கது. விதி இருந்தது, அளவும் பொருந்தியது, ஆயினும் மரம் வீழ்ந்தது. பொறுப்பான நிறுவனத்திற்கு 6,000 வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. அரசுக்கு ஏறத்தாழ 76,000 வெள்ளி இழப்பீடு செலுத்தவும் ஆணையிடப்பட்டது.

தண்டத்திற்கும் இழப்பீட்டிற்கும் இடையேயுள்ள இவ்விடைவெளி சிந்திக்கத்தக்கது. குற்றத்திற்குச் சட்டம் வைத்த விலையைக் காட்டிலும் மரத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது என்பதை அத்தீர்ப்பே உணர்த்திற்று. 2005இல் புதிய பூங்காக்கள், மரங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலின்றி வெட்டுவோர்க்கு 50,000 வெள்ளி வரை தண்டம் விதிக்க அது வழிசெய்தது. அடுத்த ஆண்டில் மண்டாய், லிம் சூ காங் உள்ளிட்ட ஐந்து சாலைகள் மரபுடைமைச் சாலைகளாக அறிவிக்கப்பட்டன. அங்குத் தனிமரத்தோடு சாலையின் இருமருங்கிலுமுள்ள பசுமைப் பட்டையும் காவல் பெற்றது.

மலேசிய நடைமுறை

மலேசியாவில் இக்காவல் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்வழி அமைந்தது. 1976ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 1995இல் செய்யப்பட்ட திருத்தம், மரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அமைப்புகளுக்கு வழங்கியது. ஆணைக்கு உட்படாத மரமாயினும் 0.8 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவு உடையதாயின் அதனை வெட்ட எழுத்துவழி அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்திற்கும் உடனடி ஆபத்து விளைவிக்கும் மரத்திற்கும் விலக்கு உண்டு.

அளவை நோக்கின் மலேசிய விதி கடுமையானது. ஆனால் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் என்னும் ஒரே அமைப்பு செய்யும் பணி, மலேசியாவில் உள்ளூர் அமைப்புகள் பலவற்றின் பொறுப்பாக உள்ளது. ஆதலின் ஒரே விதியின் பயன் ஊருக்கு ஊர் வேறுபட இடமுண்டு.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றில் மூன்று படிகள் தெளிகின்றன. முதலில் மரம் காட்டு வளமாகக் காக்கப்பட்டது. பின்னர் நகரின் நிழலாக. இறுதியில் மக்களின் நினைவாக. எனினும் சட்டத்தின் காவல் பெரும்பாலும் மரம் வீழ்ந்த பிறகே கண்டனமாக வெளிப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிராஞ்சியில் ஏறத்தாழ 4.5 ஹெக்டர் மரக்காடு உரிய காலத்திற்கு முன்னரே அழிக்கப்பட்டமை வெளிச்சத்திற்கு வந்தது. கடுமையான சட்டம் இருந்தும் நிகழ்ந்த இழப்பு அது. தண்டத்தால் பணம் மீளும். மாற்றுக் கன்றும் நடலாம். 150 ஆண்டு வளர்ச்சி மீளாது.

ஆதலின் சட்டத்திற்கு முன்னே செல்ல வேண்டியது அறிவு. நெல்லி இனத்து மரத்தால் மலாக்காவும், ஈப்போ மரத்தால் ஈப்போவும், பாக்கைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் பினாங்கும் பெயர் பெற்றன என்பர். ஊர்ப்பெயரைச் சொல்லும் மாணவருக்கு அம்மரத்தையும் அடையாளம் காட்டுதல் ஆசிரியர்க்கு இயல்வதே. பெயர் அறிந்த மரத்தை வெட்ட வருவோரிடம் வினா எழுப்ப ஒருவரேனும் இருப்பர். பெயரறியாத மரத்திற்கு அளவுநாடா ஒன்றே துணை.