லினக்ஸ் கெர்னலில் ஐ2சி பாட்டையின் தடப்பதிவு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய ஐ2சி பாட்டை, தரவுக்கு ஒன்றும் கடிகாரத் துடிப்புக்கு ஒன்றுமாக இரு கம்பிகளில் சில்லுகளை இணைக்கிறது. சில்லு விடையளிக்காதபோது பிழை வன்பொருளினுடையதா, இயக்கி நிரலினுடையதா என்றறிய லினக்ஸ் கெர்னலில் நெடுங்காலம் பயன்பட்டவை நிரலில் செருகிய அச்சுச் செய்திகளே. அவை கால ஒழுங்கை மாற்றுவதால், தேடும் பிழையே மறைந்துவிடுவதும் உண்டு.

2008இல் கெர்னலில் சேர்ந்த தடப்புள்ளிகள், 2014இல் வெளிவந்த 3.15ஆம் பதிப்பில் ஐ2சிக்கும் விரிந்தன. எழுதுதல், படித்தல், மறுமொழி, முடிவு ஆகிய நிகழ்வுகள் சில்லின் முகவரி, பைட்டுகள் முதலியவற்றோடு நேரக்குறிப்புடன் பதிவாயின. அணைந்திருக்கையில் இவற்றின் சுமை மிகச் சிறிது, வேண்டும்போது இயக்கலாம்.

எனினும் பதிவாவது கெர்னல் அறிந்தது மட்டுமே. கம்பியில் உண்மையில் நிகழ்ந்ததற்குச் சான்று அலைகாட்டியே. தடப்பதிவு அதற்கு மாற்றன்று. எங்கே தேடுவது என்பதைச் சுட்டும் துணைச் சான்று.