கார்க்டவுன்: டெட்ராய்ட் நகரின் ஐரிஷ் பேட்டையும் அதன் கட்டடங்களும்

புலம்பெயர்வு என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டம், கப்பல், சஞ்சிக்கூலி என்று ஆரம்பிப்பார்கள். அது நம் சொந்தக் கதை, அதனால் தப்பே இல்லை. ஆனால் வேறொரு இனத்தின் கதையையும் தெரிந்து வைத்திருந்தால், ஒப்பிட்டு எழுதுகிற கேள்விக்குக் கை கொடுக்கும். அப்படி ஒரு கதைதான் கார்க்டவுன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரம் இருக்கிறது. அந்த நகரத்தில் இன்றும் மிஞ்சி நிற்கும் குடியிருப்புப் பேட்டைகளில் மிகப் பழமையானது கார்க்டவுன். கட்டடங்களை எப்படி வரலாற்றுச் சான்றாகப் படிப்பது என்று கேட்கும் மாணவர்களுக்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. 1845இல் உருளைக்கிழங்குச் செடிகளில் ஒரு நோய் பரவியது. ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்குதான் மூன்று வேளைச் சாப்பாடு. விளைச்சல் வருஷா வருஷம் அழுகிப் போனது. 1852 வரைக்கும் நீடித்த அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். அதே அளவுக்கு மேலானவர்கள் நாட்டை விட்டே கிளம்பினார்கள். இத்தனைக்கும் அதே சமயத்தில் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தன. பஞ்சத்துக்குக் காரணம் நோய் மட்டும்தானா, ஆட்சியும் காரணமா என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வகுப்பு சூடாகிவிடும்.

கிளம்பியவர்களில் பலர் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் தங்கிவிட்டார்கள். கொஞ்சம் பேர் உள்நாட்டுக்குப் போனார்கள். 1825இல் திறந்த ஈரி கால்வாய் இதற்கு வழி செய்தது. நியூயார்க்கில் இறங்கி, படகில் கால்வாய் வழியாக பஃபலோ போய், அங்கிருந்து ஈரி ஏரியைக் கடந்தால் டெட்ராய்ட். 1830களிலேயே ஐரிஷ்காரர்கள் இங்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். பஞ்சம் அந்த வரவைப் பல மடங்கு ஆக்கியது. அவர்களில் நிறைய பேர் தெற்கு அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துக்காரர்கள். அதனால்தான் பேட்டைக்கு அந்தப் பேர். 1850களின் தொடக்கத்தில் கார்க்டவுன் இருந்த 8வது வார்டில் பாதிப்பேர் ஐரிஷ் வம்சாவளியினர்.

அவர்கள் குடியேறிய நிலத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. டெட்ராய்ட்டை 1701இல் நிறுவியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் ஆற்றங்கரையிலிருந்து உள்ளே நீண்டு போகும் ஒடுக்கமான பட்டைப் பட்டையான பண்ணைகளாக நிலத்தைப் பிரித்தார்கள். எல்லாருக்கும் ஆற்றுத் தண்ணீரும் படகுத்துறையும் கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். பின்னால் அந்தப் பண்ணைகளைத் துண்டு போட்டு மனைகளாக விற்றபோது, தெருக்களும் அதே நீள வாக்கில் அமைந்தன. ஆகவே கார்க்டவுன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஐரிஷ் பேட்டைக்கு அடியில் ஒரு பிரெஞ்சுப் பண்ணை தெரியும்.

இப்போது வீடுகளுக்கு வருவோம். பெரிய மாளிகைகளைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். கூலிக்காரர்களின் வீடு பொதுவாக நிற்காது. இடிந்துவிடும், இல்லாவிட்டால் இடித்துவிடுவார்கள். கார்க்டவுனில் சில நின்றுவிட்டன. சிக்ஸ்த் ஸ்ட்ரீட்டில் 1849 வாக்கில் கட்டிய ஒரு மரவீடு இருக்கிறது. தொழிலாளர் வரிசைவீடு என்று அதைச் சொல்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே மூன்று குடும்பங்களுக்கு மூன்று பகுதிகள். வாடகைக்கு விடுவதற்காகவே கட்டியது. கடைசிப் பஞ்சக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த அதே காலம் என்பதைக் கவனியுங்கள். வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் மாணவர்கள் அதன் கொல்லைப்புறத்தைத் தோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். எழுதப் படிக்க நேரமில்லாத ஏழைகள் நாட்குறிப்பு விட்டுப்போவதில்லை. அவர்கள் குப்பையில் போட்டதுதான் அவர்களைப் பற்றிய ஆவணம்.

மற்ற வீடுகள் பெரும்பாலும் தனித்தனியான சின்ன மரவீடுகள். ஒடுக்கமான முகப்பு, மேலே கூரைக்குள் ஒரு அரை மாடி, பின்னால் பிற்பாடு ஒட்டுப்போட்ட சமையலறை. முதலில் அகலமாக இருந்த மனைகளைப் பலர் இரண்டாகப் பிரித்து விற்றதால், பக்கத்து வீட்டுச் சுவரைக் கை நீட்டித் தொட்டுவிடலாம் போலிருக்கும். கொஞ்சம் வசதி வந்த பிறகு, 1870களுக்கு மேல் கட்டிய வீடுகளில் முகப்பு அலங்காரமும் மரச் செதுக்கலும் சேர்கின்றன. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகளைப் பார்த்தே ஒரு தலைமுறையில் சம்பளம் எப்படி ஏறியது என்று ஊகிக்கலாம். ஆண்கள் ரயில்பாதையிலும் துறைமுகத்திலும் சாலை போடும் வேலையிலும் இருந்தார்கள். பெண்கள் பலர் பணக்கார வீடுகளில் வேலைக்காரிகள்.

பேட்டையின் இதயம் புனித மூவொரு இறைவன் தேவாலயம். இந்தப் பங்கு 1834இல் தொடங்கியது. டெட்ராய்ட்டில் அதுவரை கத்தோலிக்கர் என்றால் பிரெஞ்சு பேசுகிறவர்கள்தான். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான முதல் கத்தோலிக்கப் பங்கு இதுதான். 1834இல் காலரா பரவியபோது கோவிலே மருத்துவமனை ஆனது. 1849இல் பங்கு கார்க்டவுனுக்கு இடம் மாறியது. இன்று நிற்கும் செங்கல் கோவிலைக் கட்டும் வேலை 1850களில் தொடங்கி 1860களில் முடிந்தது. கூலிக்காரர்களின் காணிக்கையில் எழுந்த கோவில் என்பதால், பணம் வர வர வேலை நடந்திருக்கிறது. நம் ஊர்க் கோவில் திருப்பணிகளை அறிந்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

ஒரு விஷயத்தையும் விடாமல் சொல்ல வேண்டும். குடியேறிகளின் கதையை எழுதும்போது அவர்களைப் பாவப்பட்டவர்களாக மட்டும் காட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. ஐரிஷ்காரர்களை அன்றைய அமெரிக்கப் பிராட்டஸ்டண்டுகள் கேவலமாக நடத்தினார்கள், உண்மை. அதே நேரம், 1863 மார்ச்சில் டெட்ராய்ட்டில் கறுப்பின மக்களின் வீடுகளைக் கொளுத்திய கும்பலில் ஐரிஷ் குடியேறிகளும் ஜெர்மன் குடியேறிகளும் இருந்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கட்டாய ராணுவச் சேர்க்கை பற்றிய கோபம், கூலி வேலைக்குப் போட்டி எல்லாம் சேர்ந்து, தங்களைவிடக் கீழே இருந்தவர்கள்மேல் திரும்பியது. ஒடுக்கப்பட்டவர்கள் இன்னொருவரை ஒடுக்க மாட்டார்கள் என்று எந்தச் சட்டமும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் குடும்பங்கள் மெல்ல மெல்ல வேறு பகுதிகளுக்கு நகர்ந்தன. காலியான வீடுகளுக்கு முதல் உலகப்போரை ஒட்டியும் 1920களிலும் மால்டா தீவுக்காரர்களும் மெக்சிகர்களும் வந்தார்கள். கார்த் தொழிற்சாலைகளில் வேலை இருந்ததே காரணம். மூவொரு இறைவன் கோவிலில் 1943 முதல் 1977 வரை பங்குத்தந்தையாக இருந்த கிளெமென்ட் கெர்ன், இந்தப் புதியவர்களுக்கு வேலை, மருத்துவம், சட்ட உதவி என்று ஓடியாடி உதவியதால் இன்றும் நினைவுகூரப்படுகிறார். ஆக, பேர் மட்டும் கார்க்டவுன். உள்ளே வாழ்ந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஐரிஷ் பேட்டை என்று ஒரே வார்த்தையில் எழுதினால் பின்னால் வந்தவர்களின் நூறு ஆண்டுகளை அழித்துவிடுகிறோம்.

பேட்டையை உலகம் அறியச் செய்தவை இரண்டு பெரிய கட்டடங்கள். ஒன்று பேஸ்பால் அரங்கம். 1912 ஏப்ரல் 20 அன்று நேவின் ஃபீல்டு என்ற பேரில் திறந்து, பின்னர் டைகர் ஸ்டேடியம் ஆனது. 1999 செப்டம்பர் 27இல் கடைசி ஆட்டம். 2009க்குள் முழுசாக இடித்துவிட்டார்கள். ஆனால் மைதானம் மிச்சமிருந்தது. புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தபோது, அக்கம்பக்கத்து ரசிகர்கள் சொந்தப் புல்வெட்டும் எந்திரங்களைக் கொண்டுவந்து வருஷக்கணக்கில் பராமரித்தார்கள். யாரும் கூலி தரவில்லை. 2018 முதல் அங்கே சிறுவர்கள் விளையாடுகிறார்கள்.

இன்னொன்று மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். 1913 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. 18 மாடிக் கோபுரம், நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரலை வடிவமைத்த அதே கட்டடக்கலைஞர்கள். இதன் முகப்புக்கு அழகு சேர்க்க எதிரே ஒரு பூங்கா வேண்டும் என்று நகராட்சி நினைத்தது. அந்த ரூஸ்வெல்ட் பூங்காவுக்காகப் பல குடியிருப்பு வீடுகளை வாங்கி இடித்தார்கள். நிலையத்தை வியந்து எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெரிய இடிப்பு அதற்குப் பிறகுதான். 1950களிலும் 1960களிலும் நகர்ப்புறப் புதுப்பிப்பு என்ற திட்டம் அமெரிக்கா முழுக்க ஓடியது. பழைய பேட்டைகளைச் சேரி என்று அறிவித்து, தரைமட்டமாக்கி, நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் கட்டுவது. கார்க்டவுனின் ஒரு பெரும் பகுதி இலகு தொழிற்பேட்டைக்குப் போனது. ஒரு பக்கம் லாட்ஜ் விரைவுச்சாலை, இன்னொரு பக்கம் ஃபிஷர் விரைவுச்சாலை அறுத்துக்கொண்டு போயின. குடியிருப்பாளர்கள் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் ஒரு துண்டு தப்பியது. 1978இல் அந்தத் துண்டு தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்ந்தது.

அதே நகரத்தின் கிழக்குப் பக்கம் பிளாக் பாட்டம் என்று ஒரு கறுப்பினப் பேட்டை இருந்தது. ஹேஸ்டிங்ஸ் தெருவில் கடைகள், இசைக்கூடங்கள், தேவாலயங்கள். அதையும் அதே திட்டத்தில் இடித்தார்கள். அங்கே ஏறக்குறைய எதுவும் தப்பவில்லை. ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்த இடத்தில் கிரைஸ்லர் விரைவுச்சாலை ஓடுகிறது. இரண்டு பேட்டைகளுமே ஏழைகளுடையவை, இரண்டுமே சேரி என்று முத்திரை வாங்கியவை. ஒன்றில் மரவீடுகள் மிஞ்சின, மற்றதில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஏன் என்று கேட்டால், யாருடைய பேச்சு நகராட்சியில் எடுபட்டது என்ற கேள்விக்குத்தான் போய்ச் சேர வேண்டும். கார்க்டவுன் மரபுடைமையை மட்டும் பாராட்டி எழுதும் பயண நூல்கள் இதைச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுதான்.

ரயில் நிலையத்தின் கதை இன்னும் நீளும். 1988 ஜனவரி 5இல் கடைசி ரயில் போனது. அதன் பிறகு 30 வருஷம் ஜன்னல் உடைந்து, செம்புக் கம்பிகள் திருடு போய், டெட்ராய்ட்டின் வீழ்ச்சிக்கு அடையாளப் படமாகவே அது ஆகிவிட்டது. 2009இல் நகர மன்றம் இடிக்கச் சொல்லித் தீர்மானம்கூட போட்டது. நடக்கவில்லை. 2018இல் ஃபோர்டு நிறுவனம் அதை வாங்கியது. செய்தி வெளியானதும் ஒரு விசித்திரம் நடந்தது. பல வருஷங்களுக்கு முன் நிலையத்திலிருந்து போன பழைய கடிகாரத்தை யாரோ ஒருவர், பேர் சொல்லாமல், ஒரு பாழடைந்த கட்டடத்தின் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத் தகவல் கொடுத்தார். சீரமைப்பு முடிந்து 2024 ஜூன் 6இல் நிலையம் மீண்டும் திறந்தது.

ஃபோர்டுக்கும் கார்க்குக்கும் சொந்தம் உண்டு. ஹென்றி ஃபோர்டின் அப்பா வில்லியம் ஃபோர்டு, கார்க் மாவட்டத்தின் பாலினாஸ்கார்த்தி என்ற ஊரைச் சேர்ந்தவர். பஞ்சத்தின் நடுவே 1847இல் கிளம்பி வந்தார். ஆனால் அவர் கத்தோலிக்கர் அல்லர், கார்க்டவுனிலும் குடியிருக்கவில்லை. ஏற்கெனவே டியர்பார்னில் நிலம் வைத்திருந்த உறவினர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஒரே பஞ்சம், ஒரே மாவட்டம், ஆனால் போய் இறங்கும் இடத்தில் சொந்தக்காரர்கள் இருந்தால் வாழ்க்கை வேறு மாதிரி அமைந்துவிடும். 1917இல் ஹென்றி ஃபோர்டு கார்க் நகரத்திலேயே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அது 1984 வரை நடந்தது.

நம் மாணவர்களுக்கு ஃபோர்டு என்றதும் புக்கிட் தீமா பழைய ஃபோர்டு தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். 1942 பிப்ரவரி 15இல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சிங்கப்பூரை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்ட இடம், 2006 முதல் தேசிய நினைவுச்சின்னம். அந்தப் பெர்சிவல் 1920, 1921ஆம் ஆண்டுகளில் இதே கார்க் மாவட்டத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக இருந்து ஐரிஷ் விடுதலைப் போராளிகளை வேட்டையாடியவர். அந்த ஊர்க்காரர்கள் அவர் பேரை நல்ல விதமாகச் சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு புகைப்படமாகத் தெரிகிற மனிதருக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பதைச் சொன்னால், மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நிலையம் திறந்தது நல்ல செய்தி. அதே சமயம் கார்க்டவுனில் வீட்டு விலையும் வாடகையும் ஏறியிருக்கின்றன. அக்கம்பக்கத்துக்காரர்கள் பேச்சுவார்த்தை நடத்தியதில், வீடமைப்பு, வேலைப் பயிற்சி முதலியவற்றுக்காக 1 கோடி டாலர் ஒதுக்க ஃபோர்டு ஒப்புக்கொண்டது. 1849இல் மூன்று கூலிக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்த அந்த வரிசைவீட்டின் தெருவில், இன்று ஒரு கூலிக் குடும்பம் வாடகைக்கு வீடு தேடினால் கிடைப்பது கஷ்டம்.