நீர்ச்சிற்றுயிர்களில் நுண்நெகிழி

5 மி.மீ.க்கும் குறைவான பிளாஸ்டிக் துணுக்கே நுண்நெகிழி. மைக்ரோபிளாஸ்டிக் என்ற பெயர் பரவக் காரணம் 2004-இல் ரிச்சர்டு தாம்சன் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. அது கடலைப் பற்றியது. ஆறு, குளங்களின் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது பிற்பாடுதான்.

புனே நகரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஔந்த், முளா ஆற்றங்கரைப் பகுதி. முளா, முட்டாவோடு கலந்து பீமாவுக்கும், பீமா வழியே கிருஷ்ணாவுக்கும் போகிறது. இதுபோன்ற நகர ஆறுகளுக்குச் சாக்கடை வழியே வந்து சேர்வதில் முக்கியமானது, பாலியெஸ்டர் துணி துவைக்கும்போது உதிரும் இழை. இவை சிற்றுயிர்களின் வயிற்றுக்குப் போவது அவை உண்ணும் முறையைப் பொறுத்தது. நீரை வடிகட்டி உண்ணும் டாஃப்னியா (நீர்த்தெள்ளு) வாய்க்குள் அடங்குவதையெல்லாம் விழுங்கிவிடும். நீர்த்தாவர இலையடியில் ஒட்டியிருக்கும் ஹைட்ரா என்னும் சிற்றுயிர் அப்படியல்ல. இரை உரசினால் உணர்கொம்பால் கொட்டிப் பிடிக்கும். புனேயில் ஹைட்ரா ஆய்வுக்குப் பெயர்பெற்ற இடம் அகர்கர் ஆராய்ச்சி நிலையம். இந்நகரின் பெயரையே தாங்கிய ஹைட்ரா வகை ஒன்றும் அறிவியல் ஏட்டில் உண்டு.

விலங்கின் வயிற்றில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்க, முதலில் உடலின் வெளிப்புறத்தைக் கழுவ வேண்டும். உணர்கொம்பில் ஒட்டியதெல்லாம் தின்றதாகாது. பிறகு பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் தசை கரையும், பெரும்பாலான பிளாஸ்டிக் மிஞ்சும். நைட்ரிக் அமிலம் இன்னும் வேகமானது, ஆனால் நைலானையும் தின்றுவிடும். வடிதாளில் நிற்கும் இழையைச் சூடேற்றிய ஊசியால் தொட்டால் பிளாஸ்டிக் சுருண்டு இளகும், பருத்தி இளகாது. கையில் காசில்லாத ஆய்வகத்துக்கு இந்த ஊசியே துணை. எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்ல அகச்சிவப்பு நிறமாலை வேண்டும். அதன் பார்வை பத்து, இருபது மைக்ரானோடு நின்றுவிடும். ஒரு மைக்ரான் வரை இறங்க, திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலே கைகொடுக்கிறது. ஆய்வாளரின் சட்டையிலிருந்து உதிரும் இழையே சோதனையைக் கெடுக்கும் என்பதால் பருத்தி மேலங்கியும், விலங்கே இல்லாத வெற்றுச் சோதனையும் கட்டாயம்.

இத்துறையில் அதிகம் ஏமாற்றுவது ஒளிர்வு. 2009-இல் ஒரு குழு, ஒளிரும் பாலிஸ்டைரீன் மணிகளைத் தின்ற டாஃப்னியாவின் கொழுப்புத்துளிகள் ஒளிர்வதைக் கண்டு, மணிகள் குடலைத் தாண்டி உடலுக்குள் புகுந்ததாக அறிவித்தது. 2019-இல் இன்னொரு குழு ராமன் சிதறலை ஒட்டிய நுண்ணோக்கியால் பார்த்தபோது துளிகளில் மணி ஒன்றும் இல்லை. மணியிலிருந்து கசிந்த சாயம் கொழுப்பில் ஊறியதே காரணம் என்று ஆனது. ஒளிரும் படம் இதழின் அட்டைக்கு அழகு, சான்றுக்குப் போதாது.

விளைவுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2018-இல் வெளியான ஆய்வொன்றில், பாலிஎத்திலீன் சில்லுகளைத் தின்ற ஹைட்ராக்கள் சிலவற்றின் வயிறு முழுக்க அதுவே நிறைந்திருந்தது; இரை உண்பது குறைந்தது, உருவும் மாறியது, சாகவில்லை. வயிறு நிறைந்ததால் வந்த வினையா, பிளாஸ்டிக்கின் வினையா? இதைப் பிரித்தறிய 2016-இல் ஓர் ஆய்வு டாஃப்னியாவுக்குப் பிளாஸ்டிக்கோடு ஒப்பிடக் களிமண் துகளையும் கொடுத்துப் பார்த்தது. களிமண்ணும் ஆலையில் வார்த்த உருண்டைப் பிளாஸ்டிக் மணியும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. உடைந்து, ஓரம் கூர்ந்த பிளாஸ்டிக் துணுக்குகள் இறப்பைக் கூட்டின, குஞ்சுகளைக் குறைத்தன. அதுவும் மிக அதிக அளவில் கொடுத்தபோதுதான்.