ஒரே வீட்டில் 14 குடித்தனம்

ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்குவது சுலபம். முற்றம் ஒன்று, கிணறு ஒன்று, குடித்தனமோ ஏழெட்டு. கதவைச் சாத்திக்கொண்டு வீடு முழுவதும் நமக்கே என்று நினைத்துக்கொள்ளலாம். அடுத்த அறைத் தாளிப்பு வாசனை வந்து அந்த நினைப்பைக் கெடுத்துவிடும். வாசனைகூட வராமல் செய்துவிட்ட சில சாமர்த்தியசாலிகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் என்பது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற யந்திரம். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யந்திரத்தின் நேரத்தைத் துணுக்குத் துணுக்காக வெட்டிப் பலருக்குப் பங்கு போடலாம் என்பதை கேம்பிரிட்ஜ் நகரத்து எம்.ஐ.டி.காரர்கள் 1961-இல் நடத்திக் காட்டினார்கள். ஆனால் 1964-இல் புது யந்திரத்துக்கு அவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியிடம் போனார்கள். ஐ.பி.எம்.முக்கு இது பெரிய அவமானம். டி.எஸ்.எஸ். என்ற பிரம்மாண்டமான திட்டத்தில் அது இறங்கியது.

அதே கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம்.மின் சின்ன ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. அங்கே ராபர்ட் க்ரீஸி, லெஸ் கோமோ என்ற இருவர் 1964 கடைசியில் வேறு மாதிரி யோசித்தார்கள். நேரத்தைப் பங்கு போடுவானேன்? ஆளுக்கு ஒரு யந்திரத்தையே கொடுத்துவிட்டால் என்ன? நிஜ யந்திரம் அல்ல, அதன் பிரமை. முதலில் அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'போலி யந்திரம்' என்பதுதான்.

தந்திரம் இவ்வளவுதான். கூட்டல் கழித்தல் போன்ற சாதாரணக் கட்டளைகளை நிஜ யந்திரமே நேராகச் செய்துவிடும். டிஸ்க்கைத் தொடுவது போன்ற அதிகாரமுள்ள கட்டளை வந்தால் மட்டும் சட்டென்று நின்று, 'கண்ட்ரோல் புரோகிராம்' என்ற வீட்டுக்காரரைக் கூப்பிடும். அவர் காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு மறைந்துவிடுவார். குடித்தனக்காரருக்கு ஒன்றும் தெரியாது. 1967 ஜனவரியில் ஸி.பி.-40 என்ற பெயரில் இது வேலைக்கு வந்தது. ஒரே யந்திரத்தில் 14 யந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் ஞாபகம். எந்தக் குடித்தனத்தில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது அவரவர் இஷ்டம்.

டி.எஸ்.எஸ்.ஸோ தள்ளாடித் தள்ளாடி 1971-இல் கைவிடப்பட்டது. கதை எழுதுகிறவனுக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்? இந்தச் சின்னக் கூடத்தின் வேலையைத்தான் 1972-இல் ஐ.பி.எம். வி.எம்./370 என்று தன் சரக்காகவே அறிவித்தது.

மேஜைக் கம்ப்யூட்டருக்கு இது வர வெகு காலம் ஆயிற்று. அதன் இன்டெல் சில்லில் ஒரு வில்லங்கம்: சில கட்டளைகள் வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே நழுவிப் போய்த் தப்பான பலனைத் தந்துவிடும். 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வி.எம்.வேர் கம்பெனியார், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து வேறு கட்டளைகளாக மாற்றிவிட்டார்கள். 1999-இல் ஒரே திரையில் விண்டோஸும் லினக்ஸும் அக்கம்பக்கமாக ஓடின. இன்டெல்காரர்கள் சில்லையே திருத்தியது 2005-இல்தான்.

க்ரீஸி கூட்டத்தாரின் வீடும் இடிந்துவிடவில்லை. பல தடவை பழுது பார்த்து, மாடி மேல் மாடி கட்டி, 'இஸட்/வி.எம்.' என்ற பெயரில் ஐ.பி.எம்.மின் பெரிய யந்திரங்களில் இன்றும் அதில் குடித்தனம் நடக்கிறது.