கார்ச் சக்கரங்களுக்கு வீட்டில் மறுவண்ணம் பூசுதல்

காரோடு ஆலையிலிருந்து வந்த சக்கரங்களைக் கழற்றி, பழைய பூச்சையும் துருவையும் தேய்த்து நீக்கி, பிரைமர், நிறம், மேல்பூச்சு என்று வரிசையாக அடித்துப் புதுப்பிப்பது சக்கர மறுவண்ணம் எனப்படும். பலரும் இதை அழகு வேலையாகவே எண்ணுகிறார்கள். ஆனால் இதன் முதற்பயன் உலோகத்தைக் காப்பதுதான். டயரின் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் துரு ஏறிவிட்டால், டியூப் இல்லாத டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். ஆலைச் சக்கரம் அந்த வண்டியின் எடைக்கும் பிரேக்குக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது. நெளிவோ விரிசலோ இல்லாத வரை, வேறு சக்கரம் தேடுவதைவிட அதையே புதுப்பிப்பது நல்லது.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, 12 அங்குல எஃகுச் சக்கரங்களில் ஓடியது. இவ்வகைச் சக்கரத்தில் தகட்டை அழுத்திச் செய்த நடுவட்டும் வெளிவளையமும் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தப் பற்றவைப்பு ஓரங்களில்தான் முதலில் துரு பிடிக்கும். அலாய் சக்கரம் வேறு சாதி. 1924இல் பந்தயத்துக்கு வந்த புகாட்டி டைப் 35 வார்ப்பு அலுமினியச் சக்கரங்களால் பெயர் பெற்றது. இன்றைய வார்ப்பு அலாய்களில் பெரும்பாலும் அலுமினியத்தோடு சுமார் 7 விழுக்காடு சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் கலந்திருக்கும். இதில் செந்துரு வராது. ஆனால் கல் தெறித்து மேல்பூச்சு உடைந்த இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்தால், பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெண்கோடுகள் படரும். முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கிய ‘டைமண்ட் கட்’ சக்கரத்தை வீட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

வேலையின் பெரும்பகுதி பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பிரேக் தூளில் இரும்புத் துகள்கள் இருக்கின்றன. அவை சூட்டில் பூச்சோடு ஒட்டிக்கொள்கின்றன. சோப்பு நீரால் கழுவி, தார்ப் பிசுக்கை எடுத்து, தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். டயருக்குப் பூசிய சிலிக்கான் பாலிஷ் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் புதுப் பெயின்ட் அங்கே ஒட்டாமல் குழிகுழியாக விலகும். துருவை 80 அல்லது 120ஆம் எண் உப்புத்தாளால் எடுத்து, பிறகு 240, 400 என்று ஏற வேண்டும். வெற்று உலோகத்திலிருந்து பழைய பூச்சின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியை ஓட்டிப் பார்க்கலாம். படி ஏறுவதுபோலத் துளி தட்டினாலும் தேய்ப்பு போதாது. அந்தப் படி பளபளப்பான மேல்பூச்சின் கீழ் இரட்டிப்பாகத் தெரியும். சுத்தம் சரிதானா என்பதற்கு நீரே சாட்சி: முத்துமுத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவி வழிய வேண்டும்.

டயரைக் கழற்றாமல் செய்பவர்கள் காற்றைச் சற்று இறக்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே பழைய அழைப்பிதழ் அட்டைகளைச் சுற்றிலும் செருகிவிடலாம். மாஸ்கிங் டேப்பைவிட இது சுத்தமாக மறைக்கும். வெற்று அலுமினியத்துக்கு எட்ச் பிரைமரும் எஃகுக்குத் துருத்தடுப்பு பிரைமரும் ஏற்றவை. ஸ்பிரே டப்பாவை 20 முதல் 25 செ.மீ. தொலைவில் பிடித்து, முதல் பூச்சைப் பனி படிந்ததுபோல மெல்லியதாக அடிக்க வேண்டும். ஆரங்களின் உட்பக்கங்களை முடித்த பிறகே முகப்புக்கு வர வேண்டும். ஒரே பூச்சில் நிறத்தை எட்டிவிடத் துடிப்பவர்களுக்கு ஒழுகல்தான் மிஞ்சும். மழைநாளிலும் கடற்கரை ஊர்களின் ஈரமான மாலையிலும் அடித்தால் மேல்பூச்சான லாக்கர் பால்போல வெளுத்துவிடும். உச்சிவெயிலில் அடித்தாலோ பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும்.

பூசக்கூடாத இடங்களைப் பூசும் இடங்களைவிட நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தின் பின்புறம் ஹப்போடு படியும் முகமும், நட்டு உட்காரும் கூம்புக் குழிகளும் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். அங்கே தடித்த புதுப்பூச்சு ஏறினால், நட்டின் அழுத்தத்தில் அது நசுங்கி மெலியும். எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவுக்கு இறுக்கம் தளரும். ஓட்டத்தில் நட்டு கழலவும் கூடும். சக்கரத்தை மாட்டும்போது வண்டிக் கையேடு சொல்லும் இறுக்கத்தை டார்க் ஸ்பேனரால் வைத்து, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இரு கூறுகளைக் கலந்து அடிக்கும் மேல்பூச்சு பெட்ரோலுக்கும் கல்லடிக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் நிலையான ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. துணி முகமூடி அதற்குப் பயன்படாது. தகுந்த சுவாசக் காப்பு இல்லாத வீட்டில் அதைத் தொடவே கூடாது. ஒற்றைக் கூறு லாக்கரே போதும்.

ஸ்டெப்னி முழு அளவுள்ளதாக இருந்தால் அதை முதலில் முடித்து, பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி அந்த இடத்தில் அதை மாட்டிக்கொள்ளலாம். வண்டி பல நாள் ஜாக்கியின் மேல் நிற்க வேண்டியதில்லை. பெயின்ட் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது என்றாலும் உள்ளே இறுக ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை அழுத்த நீரும் அமிலக் கழுவியும் கூடாது. தேய்ப்பதற்காக எடுத்த சமநிலை எடைகளை அதே இடத்தில் ஒட்டினாலும், வீல் பேலன்சிங் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.