ஆர்ஜிதம், எடுப்பு, கையகம்

ஓசூர் வட்டாரத்துப் பழைய கிரயப் பத்திரங்களைப் படித்தால் 'சுயார்ஜிதம்' என்ற சொல் தவறாமல் கண்ணில் படும். நானே உழைத்துத் தேடிய சொத்து என்பது பொருள். தகப்பன் வழியில் வந்தது 'பிதுரார்ஜிதம்'. இரண்டிலும் உள்ள ஆர்ஜிதம், ஈட்டுதல் என்ற பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து வந்தது. குடியானவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அவர் நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதற்கும் அதே சொல்லே நெடுங்காலம் பெயராக இருந்தது: நில ஆர்ஜிதம். பத்திரத்தில் குடியானவரின் ஈட்டம், அரசாணையில் அரசின் ஈட்டம். எதைக் கொடுத்து, யார் தந்த உரிமையில் அரசு அதை ஈட்டியது என்பதை அந்தத் தொடர் சொல்லவில்லை.

1956இல் தமிழ் ஆட்சிமொழியான பின் அலுவலக நடையிலிருந்து வடசொற்கள் மெல்ல விலகின. ஆர்ஜிதத்தின் இடத்துக்கு இரண்டு சொற்கள் வந்தன. ஒன்று 'நில எடுப்பு'. இன்றும் 'தனி வட்டாட்சியர் (நில எடுப்பு)' என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. மற்றது 'கையகப்படுத்தல்', கைக்குள் கொண்டுவருதல். சட்டத் தலைப்புகளும் நாளிதழ்களும் இதையே பிடித்துக்கொண்டன. எனக்கு 'எடுப்பு'தான் நேர்மையான சொல்லாகப் படுகிறது. நடப்பதை அப்படியே சொல்கிறது. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலம் எடுத்தால், ஊரார் பேச்சும் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது: "எங்க நிலம் சிப்காட்டுக்குப் போயிருச்சு."

எல்லைப்புறம் என்பதால் இங்கே கதை இன்னும் இரண்டு மொழிகளில் ஓடுகிறது. தளி, பாகலூர், பேரிகைப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் ஏராளம். கன்னடத்தில் இதன் பெயர் 'பூஸ்வாதீன'. நம் பத்திரங்களிலும் 'சுவாதீனம்' உண்டு. விற்றவர் வாங்கியவரிடம் நிலத்தை ஒப்படைத்துவிட்டதைக் குறிக்கும். தெலுங்கில் 'பூசேகரண', அதாவது நிலம் சேகரித்தல். மூன்று மொழியிலும் வினையைச் செய்பவர் அரசு. கொடுப்பவருக்கு எந்தச் சொல்லிலும் இடமில்லை.

இத்தனைக்கும் குடியானவரை அரசு நேருக்கு நேர் பார்த்த முறை முளைத்ததே இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, இடைத்தரகர் இல்லாமல் சாகுபடியாளரிடமே தீர்வை பேசினார்கள். ரயத்துவாரி என்று பின்னால் சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது அதுதான். (ஓசூர்ப் பக்கம் 1799க்குப் பிறகே கும்பினியிடம் வந்தது; பாகலூர், பேரிகை, சூளகிரிப் பாளையங்கள் இருந்ததால் அதன் வரலாறு வேறு.) பட்டாவில் குடியானவர் பெயர் ஏறியது. அந்தப் பெயரை நீக்குவதற்கான சட்டங்களும் பின்தொடர்ந்தன: சென்னை மாகாணத்துக்கு 1852இல், பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் 1857இல், கடைசியில் 119 ஆண்டுகள் நீடித்த 1894ஆம் ஆண்டுச் சட்டம். 'பொது நோக்கம்' என்ற தொடர் அவற்றின் அச்சாணி. தனியார் கம்பெனிகளுக்காக நிலம் எடுக்கவும் 1894 சட்டத்தில் தனிப் பகுதி இருந்தது.

சுதந்திர இந்தியாவில் சண்டை வேறொரு சொல்லின் மேல் நடந்தது. அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம் 1791லேயே, பொதுப் பயனுக்காகத் தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு தர வேண்டும் என்று எழுதிவைத்தது. நம் அரசமைப்பின் 31ஆம் பிரிவு ஈட்டைச் சொன்னது. 'நியாயமான' என்ற அடைமொழி அதில் இல்லை. ஆனாலும் ஈடு என்றாலே இழந்ததற்குச் சமமானது என்றுதான் பொருள் என உச்ச நீதிமன்றம் பேலா பானர்ஜி வழக்கில் 1953இல் சொல்லிவிட்டது. 1955இல் நான்காம் திருத்தம் வந்தது: ஈடு போதுமா என்று நீதிமன்றம் கேட்கக் கூடாது. 1970இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கில் நீதிமன்றம் மறுபடி குறுக்கிட்டது. 1971இன் இருபத்தைந்தாம் திருத்தம் ஈடு என்ற சொல்லையே எடுத்துவிட்டு, அதன் இடத்தில் 'தொகை' என்று வைத்தது. இழப்பீடு என்றால் இழப்பை அளக்க வேண்டும். தொகைக்கு அந்தக் கடமை இல்லை. 1978இன் நாற்பத்து நான்காம் திருத்தத்தோடு சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே வெளியேறி, 300ஏ பிரிவில் ஒற்றை வரியாக நின்றது.

இப்படிப்பட்ட திருத்தங்களைப் பிற்காலத்தில் உரக்க எதிர்த்தவர் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கு நீதிமன்றத்திலிருந்து பாதுகாப்புத் தந்த முதல் திருத்தம் 1951இல் நிறைவேறியபோது அவரே மத்திய உள்துறை அமைச்சர். எட்டு ஆண்டு கழித்து, காங்கிரசின் நாகபுரித் தீர்மானம் கூட்டுறவுப் பண்ணை முறையை முன்வைத்ததும் எதிர்த்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1964இன் பதினேழாம் திருத்தம் ரயத்துவாரி நிலத்தை எடுக்கும் சட்டங்களையும் அந்தப் பாதுகாப்பு வளையத்துக்குள் இழுத்தபோது அக்கட்சி கடுமையாகப் போராடியது. ஜமீன்களை ஒழித்ததும் நில உச்சவரம்பு கொண்டுவந்ததும் நியாயம் என்று நினைப்பவன் நான். ராஜாஜியின் பொருளாதாரம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்றில் அவர் பக்கம் நிற்கிறேன். ஜமீனுக்கு எதிராகத் தீட்டிய கத்தி இரண்டு ஏக்கர்க்காரர் மேலும் இறங்கும் என்ற அச்சம் வீணாகவில்லை.

சிப்காட் 1971இல் உருவானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஓசூர் தொழில் நகரமானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன. அதை மறுப்பது அநியாயம். ஆலைகள் பெருகப் பெருக நிலத்தின் தேவையும் பெருகியது. 'தொழில் நோக்கங்களுக்கான' நிலத்துக்கென்றே தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டம் இயற்றியது. பொது நோக்கத்தின் இடத்தில் தொழில் நோக்கம் உட்கார்ந்துகொண்டது. அதன்படி நிலத்துக்காரருக்கு அறிவிப்பு வரும், ஆட்சேபணை கேட்கப்படும், அரசிதழில் வெளியானதும் நிலம் வில்லங்கமின்றி அரசைச் சேரும்.

1894 சட்டத்துக்குப் பதிலாக வந்த நாடாளுமன்றத்தின் 2013 சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டின் ஒப்புதலும், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 விழுக்காட்டின் ஒப்புதலும் வேண்டும் என்றது. தமிழ்நாடு அதில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1997 சட்டம் உள்ளிட்ட தன் மூன்று சட்டங்களுக்கு விலக்குப் பெற்றது. இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு விதிகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டு அந்த மூன்றும் ஏற்கெனவே செத்துவிட்டன என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே சட்டமன்றம் அவற்றுக்கு முன்தேதியிட்டு உயிர் கொடுத்தது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29இல் சொல்லிவிட்டது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முடிவெடுத்தால் குடிகளே முடிவெடுத்த மாதிரி என்பது மக்களாட்சியின் நம்பிக்கை. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கெலோ வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதையே சொன்னது: நகர வளர்ச்சியும் பொதுப் பயனே என்று நகராட்சி கருதினால் போதும். கனெக்டிகட்டின் நியூ லண்டனில் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். திட்டமோ நிறைவேறாமல் மனை தரிசாகக் கிடந்தது. அத்தீர்ப்பில் கொதித்து நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்தின. இங்கே, எல்லைக்கு அப்பால் தேவனஹள்ளியில் 1,777 ஏக்கர் எடுக்கும் முடிவை, நீண்ட விவசாயிகள் போராட்டத்துக்குப் பின் கர்நாடக அரசு 2025 ஜூலையில் கைவிட்டது. உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகளும் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்து உட்கார்ந்தவர்களே. வாக்களித்ததாலேயே நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டதாக அவர்கள் யாரும் நினைக்கவில்லை.

300ஏ பிரிவின் அந்த ஒற்றை வரிக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாக உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் ஒரு கொல்கத்தா வழக்கில் விரித்துரைத்தது. முதலாவது, முன்கூட்டி அறிவிக்கப்படும் உரிமை. இரண்டாவது, தன் ஆட்சேபணை கேட்கப்படும் உரிமை. தளியிலும் பேரிகையிலும் அந்த இரண்டுக்கும் மொழி வேண்டும். அறிவிப்பைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கொடுக்க வேண்டும். விசாரணையில் வட்டாட்சியருக்கு எதிரே நிற்பவர் வீட்டில் பேசும் மொழியிலேயே பேச, அவர் சொன்னது அப்படியே பதிவாக வேண்டும். அதற்கு எழுதப்படும் பதிலும் அதே மொழியில் அவர் கைக்கு வர வேண்டும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.